மனை ஒன்று கிடைத்தது. வீட்டை உறவும் நட்பும் கட்டின!

சென்னையிலிருந்து ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வில்லிவாக்கம் தாண்டியதும் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் என்று ஊர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இரு புறமும் வீடுகள்தான். அவற்றில் பல வீடுகளுக்குக் கீழ்த்தளம் ஒரு காலத்தில் கட்டியது. மாடி இன்னொரு காலத்தில் கட்டியது. கீழே ஒரு வண்ணம், மேலே ஒரு வண்ணம். மொட்டை மாடியின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும்.

பார்க்கிறவர்களுக்கு, "பணம் போதாமல் பாதியில் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது" என்று தோன்றும். அப்படி அல்ல. அந்தக் கம்பி அடுத்த மாடிக்காக வேண்டுமென்றே விட்டுவைத்தது. மகன் வேலைக்குப் போனபின், மகள் கல்யாணக் கடன் அடைந்தபின், அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டித் தூணை மேலே எழுப்புவார்கள்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் பணத்தை விழுங்கும் காரியங்கள் என்பதற்காக மட்டும் அவற்றைச் சேர்த்துச் சொல்லவில்லை. இரண்டுமே தனி ஆளால் ஆகிற காரியங்கள் அல்ல. கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடுவது முதல் பந்தி பரிமாறுவது வரை உறவு வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகரில் ஆயிரக்கணக்கான வீடுகளும் அப்படித்தான் எழுந்தன.

அந்தக் கதையில் சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு. சர்க்கார் வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. மனையைக் கொடுத்துவிட்டு விலகி நின்றது!

தொழிற்சாலை வந்தது, வீடு எங்கே?

ஒரு காலத்தில் சென்னைக்கு மேற்கே ஏரியும் வயலும் தோப்பும்தான். 1950க்குப் பிறகு அந்தப் பக்கத்தின் முகமே மாறியது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பெரம்பூரில் 1955ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியது. 1961ல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது; 1965ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்து, சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

வேலை கிடைத்தது என்று வடஆற்காட்டிலிருந்தும் தென்னாற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஃபிட்டர், டர்னர், வெல்டர், ஹெல்பர் என்று வேலையில் சேர்ந்தார்கள். வேலை கிடைத்தவனுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பெரிய தொழிற்சாலைகளின் குடியிருப்புகள் ஒரு பகுதியினருக்குத்தான் போதுமானதாக இருந்தன. மற்றவர்கள் ஒரே வீட்டில் நான்கு குடித்தனம், கிணற்றடி பொது, கழிவறைக்கு வரிசை என்று வாழ்ந்தார்கள்.

வீட்டு வசதி வாரியம் 1961ல் ஏற்பட்டது. குடிசை மாற்று வாரியம் 1970ல் ஏற்பட்டது. இரண்டும் வீடுகள் கட்டின. ஆனால் கட்டி முடித்த வீட்டுக்கு ஆகும் செலவு பெரிது. அதன் தவணையைச் சாமானியக் குடும்பம் கட்ட வேண்டுமானால் சர்க்கார் பெரும்பகுதியை மானியமாகத் தர வேண்டும். மானியத்துக்கு ஒதுக்கிய பணமோ சில ஆயிரம் வீடுகளோடு தீர்ந்துவிடும். வரிசையில் நிற்பவர்களோ லட்சக்கணக்கில்!

சுவர் உன் பொறுப்பு

இந்தச் சிக்கலுக்கு ஒரு புதிய வழி 1970களில் யோசிக்கப்பட்டது. முழு வீட்டைக் கொடுப்பதற்குப் பதிலாக, அளந்து கல் நட்ட மனையைக் கொடுப்பது. தெரு, குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம் ஆகியவற்றைச் சர்க்கார் செய்து கொடுத்துவிடும். மனையில் ஒரு கழிவறையும், சிலவற்றில் ஒரு பீடமும், இன்னும் சிலவற்றில் ஓர் அறையும் இருக்கும். மீதியை மனைக்காரர் தம் சௌகரியம் போல் கட்டிக்கொள்ள வேண்டியது.

உலக வங்கி இத்தகைய மனைத் திட்டத்துக்கு முதன்முதலாகக் கடன் கொடுத்தது 1972ல், ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டுக்கு. ஐந்து ஆண்டு கழித்து, 1977ல், சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்துக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர் கடன் அனுமதிக்கப்பட்டது. அதன்படி அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் மனைகள் போடப்பட்டன. 1980களில் முகப்பேரும் சேர்ந்தது. அப்போது எம்.எம்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் திட்டத்தை ஒருங்கிணைத்தது. வீட்டு வசதி வாரியம் மனைகளைப் போட்டது. அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. காலனி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அரும்பாக்கம் திட்டத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்ட கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் பெனிங்கர்.

மிகச் சிறிய மனை சுமார் 40 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 430 சதுர அடி. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி; அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதே பேட்டையில் நடுத்தர வகுப்பாருக்குப் பெரிய மனைகளும் போட்டார்கள். கடைக்கும் பள்ளிக்கும் சிறு தொழிலுக்கும் இடம் விட்டார்கள். பெரிய மனையை அதிக விலைக்கு விற்று, அந்த லாபத்தைக் கொண்டு சிறிய மனையின் விலையைக் குறைத்தார்கள். ஏழைகளை ஒரு மூலையிலும் வசதியுள்ளவர்களை இன்னொரு மூலையிலும் பிரித்து வைக்காமல், ஒரே பேட்டையில் குடியமர்த்தியது இந்தத் திட்டத்தின் முக்கியமான அம்சம்.

"சுவர் கூட இல்லாத மனைக்கு மாதத் தவணையா?" என்று அன்று கேட்கத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தத் தவணை வீட்டுத் தவணையைவிடக் குறைவு. அதோடு, வீட்டை எவ்வளவு பெரிதாக, எத்தனை வருஷத்தில் கட்டுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கொத்தனார்கள்

இந்த மனைகளில் மட்டுமல்ல, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தனியாரிடம் மனை வாங்கியவர்களும் இதே முறையில்தான் வீடு கட்டினார்கள்.

முதலில் கடைக்கால் தோண்டிப் பீடம் எழுப்புவார்கள். அதன்மேல் ஓர் அறைக்குச் சுவர் வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் தகடோ கீற்றோ போட்டுக் குடி வந்துவிடுவார்கள். வாடகை மிச்சம்! அந்த வாடகைப் பணம் அடுத்த ஆண்டு செங்கல்லாக வந்து இறங்கும். ஓர் ஆண்டு போனஸில் சமையல் அறை. அடுத்த போனஸில் பூச்சு வேலை. பிறகு ஒரு நாள் தகட்டைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம்.

இந்தப் பயணத்தில் கூலிக்கு அமர்த்த வேண்டியவர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுகிறவர் ஆகியோரை அனுபவம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கடைக்காலும் தூணும் தளமும் கற்றுக்குட்டி கை வைக்கிற இடங்கள் அல்ல. சென்னையின் பல பகுதிகளில் களிமண் பூமி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அங்கே சாதாரணக் கடைக்கால் போட்டால் இரண்டே கோடையில் சுவரில் விரிசல் ஓடிவிடும். ஆழத் துளையிட்டு, அடியை அகலப்படுத்திக் கான்கிரீட் இறக்கும் முறையை அறிந்த பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்ற வேலைகளெல்லாம் வீட்டாரும் வேண்டியவர்களும் செய்தவை. இந்த வட்டாரத்துக்கு அதில் ஒரு தனி வசதி இருந்தது. கிராமத்தில் வீடு கட்டினால் கை கொடுக்கிறவர்கள் விவசாயிகள். இங்கே கை கொடுத்தவர்களோ தொழிற்சாலைக்காரர்கள்! கூட வேலை செய்யும் வெல்டர் ஜன்னலுக்குக் கிராதி செய்து கொடுப்பார். எலக்ட்ரீஷியன் மச்சான் ஒயரிங் வேலையைப் பார்த்துக்கொள்வார். லாரி ஓட்டும் சித்தப்பா மணல் நல்லதா என்று பார்த்து ஏற்றி வருவார். ஃபிட்டர் சிநேகிதர் குழாய் இணைப்பார். ஷிப்டு முடிந்து வந்தவர் சாயங்காலம் இரண்டு மணி நேரம் செங்கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒன்பது அங்குலக் கனத்தில் 100 சதுர அடிச் சுவர் எழுப்பச் சுமார் 1,000 செங்கல் ஆகும். தெருமுனையில் லாரி கொட்டிவிட்டுப் போகும் கல்லை மனைக்குள் கொண்டுவந்து அடுக்குவதற்கே நான்கு பேர் வேண்டும். கூலி கொடுத்தால் ஒரு செலவு. பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் வரிசையாக நின்று கைமாற்றினால் ஒரு மாலைப் பொழுது.

தளம் போடும் நாள்

உறவும் நட்பும் உண்மையிலேயே சோதிக்கப்படும் நாள், தளம் போடும் நாள்.

இருபதடி நீளம், இருபதடி அகலம் உள்ள தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலக் கனம் என்றால் 150 கன அடி கான்கிரீட். சிமெண்டு மட்டும் 30 மூட்டைக்கு மேல். கலவையின் மொத்த எடை ஏறத்தாழ 10 டன்! ஒரு பாண்டுக்கு 20 கிலோ என்று வைத்தாலும், 500 பாண்டு கலவை கீழேயிருந்து சாரத்தின் வழியாக மேலே போயாக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. பாதி தளம் இன்று, பாதி தளம் நாளை என்றால் இரண்டும் சேரும் இடத்தில் மழைநீர் வழி கண்டுபிடித்துவிடும்.

ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைப்பார்கள். "மச்சான், வர்ற ஞாயித்துக்கிழமை தளம். காலையிலே வந்துடு." "அண்ணே, பையனையும் கூட்டிட்டு வந்துடுங்க." அன்று காலை ஆறு மணிக்கே ஆள் சேர்ந்துவிடும். கூலிக்கு வந்த சித்தாள்களோடு உறவுக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். பாண்டு கைமாறிக் கைமாறி மேலே ஏறும். ஒரு பக்கம் பெரிய அடுப்பு மூட்டி, அத்தைமார்களும் அண்ணிமார்களும் சாப்பாடு தயார் செய்வார்கள். வேலை முடியும் வரை யாரும் உட்காருவதில்லை.

மறுநாளிலிருந்து வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழும். தளத்தின்மேல் சிறு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்துக் காய்ந்துவிடாமல் நிரப்ப வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறையாமல், வெயில் காலத்தில் இன்னும் அதிக நாள், ஈரம் இருந்தால்தான் கான்கிரீட்டுக்குப் பலம். குழாய் இல்லாத காலத்தில் இந்தத் தண்ணீர் அத்தனையும் கிணற்றிலிருந்தும் கைப்பம்பிலிருந்தும் குடத்தில் வந்தது. வீட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் ஆண் பெயர்தான் இருக்கும். தளத்தில் ஊறியிருப்பதோ பெண்கள் சுமந்த தண்ணீர்.

சிமெண்டுக்குப் பர்மிட், பணத்துக்குச் சீட்டு

இன்று கடைக்குப் போய்க் கேட்டால் சிமெண்டு வீட்டுக்கே வருகிறது. 1970களில் அப்படி இல்லை. சிமெண்டு விலையும் விநியோகமும் மத்திய சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தன. மனுப் போட்டுப் பர்மிட் வாங்க வேண்டும். கிடைத்த மூட்டைகள் போதாவிட்டால் கள்ள விலைதான். 1982ல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989ல் முழுவதும் நீங்கியது. அது வரை, தன் வீட்டு வேலை தள்ளிப்போனவர் மீதமிருந்த இரண்டு மூட்டையைப் பக்கத்து மனைக்காரருக்குக் கொடுப்பதும், பிறகு இவருக்கு வந்ததும் அவர் வாங்கிக்கொள்வதும் வழக்கமாயிற்று. மூட்டையை வைத்திருந்தால் இறுகிக் கல்லாகிவிடும் அல்லவா?

பணத்துக்கு வழி நாலைந்து. தொழிற்சாலையில் பி.எஃப். பிடித்தவர்கள், 1952ம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி வீட்டுக்கென்று தம் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது. அதற்கு மேல் வேண்டியதற்குச் சீட்டு. இருபது பேர் சேர்ந்து கட்டும் சீட்டில், தளம் போடுகிறவருக்கு முதலில் விட்டுக்கொடுப்பது நட்புக்கு அடையாளம். அதுவும் போதாவிட்டால் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். கடைசியில் கைமாற்று.

கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சும்போது வரும் மொய்யும் ஒரு வகையில் கடன்தான். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி எழுத வேண்டும். உழைப்பும் அப்படியே. இவர் வீட்டுத் தளத்துக்கு வந்தவர் வீட்டில் தளம் போடும்போது இவர் போகாமல் இருக்க முடியாது. யாரும் இதை இலவச உதவி என்று நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் கடன்பட்டு, ஒருவர் கடனை ஒருவர் தீர்த்து, தெரு தெருவாக வீடுகள் எழுந்தன.

"தோல்வி" என்று எழுதியவர்கள்

சர்க்கார் மனைகளைப் போட்ட சில ஆண்டுகளிலேயே கணக்குப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பல மனைகள் காலியாகக் கிடந்தன. சிலர் மனையை விற்றுவிட்டார்கள். பல இடங்களில் தவணை சரியாக வசூலாகவில்லை. கட்டியிருந்த வீடுகளும் ஓர் அறை, ஒரு தகடு என்ற நிலையில் நின்றன. உலகம் முழுவதும் இத்தகைய திட்டங்களைப் பற்றி இதே குறைகள் எழுதப்பட்டன. 1990களில் உலக வங்கியே இந்த வழியைக் கிட்டத்தட்டக் கைவிட்டது.

ஆனால் அவர்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீடு கட்டுகிறவன் கடன் திட்டத்தின் காலண்டரைப் பார்த்துக் கட்டுவதில்லை. தன் குடும்பத்தின் காலண்டரைப் பார்த்துக் கட்டுகிறான்.

இருபது ஆண்டுக்கு மேல் கழிந்தபின் சென்னையிலும் மும்பையிலும் இந்தப் பேட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2018ல் வெளியாயிற்று. தோல்வி என்று தள்ளியவை நிறைந்த குடியிருப்புகளாக மாறியிருப்பதை அவர்கள் கண்டார்கள். ஓர் அறை நின்ற இடத்தில் இரண்டு, மூன்று மாடிகள். கீழே கடை, நடுவில் வீட்டார், மேலே வாடகைக்குடி. சிறிய மனையும் பெரிய மனையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், பல வருவாய்க்காரர்களும் கலந்தே வாழ்கிறார்கள். வளைவில்லாத தெருக்களும் ஒழுங்கான சாக்கடையும் முதலிலேயே அமைந்துவிட்டதால் ஊர் வளர்ந்தும் சீர் கெடவில்லை. தான்சானியா நாட்டு நகரங்களில் நடந்த இன்னோர் ஆய்விலும், முன்கூட்டியே மனை பிரித்துக் கொடுத்த பேட்டைகளில் பிற்காலத்தில் நல்ல வீடுகள் எழுந்தது தெரிய வந்தது.

கடல் கடந்தும் இதே கதை

தன் வீட்டைத் தானே கட்டுவது ஏழை நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோம் 1927 முதல் தொழிலாளிகளுக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, மரச் சாமான்களையும் செய்முறைப் புத்தகத்தையும் கொடுத்தது. குடும்பமே சேர்ந்து வீட்டைக் கட்டியது. முன்பணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு அவர்களுடைய உழைப்பே முன்பணமாகக் கணக்கிடப்பட்டது! ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் 1957ல் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குப் போய், மக்கள் தாமாகக் கட்டிய குடியிருப்புகளில் எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். வீட்டைப் பற்றிய முடிவுகள் குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியவை உலக வங்கியையும் அசைத்தன.

நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறது. போரில் வீடிழந்த குடும்பங்களுக்காக இந்திய அரசு 50,000 வீட்டுத் திட்டத்தை அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012லிருந்து முறை மாறியது. சேதமடைந்த வீட்டைச் செப்பனிடாமல் புதிதாகக் கட்டும் குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய். கடைக்கால், சுவர், கூரை என்று வேலை நடக்க நடக்கத் தவணையாக வங்கிக் கணக்குக்கே வந்தது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தமிழ்க் குடும்பங்கள் உறவினரையும் அயலவரையும் சேர்த்துக்கொண்டு வீடு எழுப்பின. கணவனை இழந்த பெண்களும் முதியவர்களும் அதிகம் சிரமப்பட்டார்கள். சாமான் விலை ஏறித் தொகை போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. ஆள் பலம் இல்லாத வீட்டுக்குத் தனி உதவி வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

ஏரியையும் பத்திரத்தையும் மறக்காதீர்!

மேற்குப் புறநகரில் வீடு கட்டுகிறவர்கள் இன்று இரண்டு விஷயங்களில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, தண்ணீர். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று இது ஏரிகளின் பூமி. ஏரிக்கு வரும் கால்வாயையும் ஏரியிலிருந்து போகும் கால்வாயையும் மறந்து மனை போட்ட இடங்களில் 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் புயல் மழையிலும் தண்ணீர் புகுந்தது. பத்து வருஷம் பாடுபட்டுக் கட்டிய வீட்டின் அரிசியும் பத்திரமும் ஒரே இரவில் நனைந்தன. மனை வாங்குமுன் அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களிடம், "அந்த மழையிலே எதுவரைக்கும் தண்ணி நின்னுது?" என்று கேட்டுவிட வேண்டும். அந்த மட்டத்துக்கு மேல்தான் பீடம்.

இரண்டாவது, காகிதம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. உறவினர் சொன்னார், சிநேகிதர் சொன்னார் என்று மனை வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். 2017ல் பழைய மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சுயசான்று கொடுத்து இணையத்தில் அனுமதி பெறும் வசதியும் ஏற்பட்டிருக்கிறது. வேலை சுலபமாகியிருக்கிறது, ஆனால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கலாகாது.

உறவுக்குள்ளும் காகிதம் நல்லது. தம்பி கொடுத்தது கடனா, பங்கா? அக்காவின் நகை திரும்ப வருமா, மாடியில் ஓர் அறையாக வருமா? கொடுக்கிற நாளில் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தால், பத்து வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சேர்ந்து கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த குடும்பங்கள் இந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன.

இனி வேண்டுவது என்ன?

சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ளும் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு, 2015ல் வந்த பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் மத்திய அரசின் 1 லட்சத்து 50 ஆயிரமும் மாநில அரசின் 60 ஆயிரமும் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மானியம் வழங்கப்பட்டது. கிராமங்களில் 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தருகிறது. இரண்டும் நல்ல உதவிகள்தான். ஆனால் இவற்றைப் பெறுவதற்கு முதலில் காலடியில் சொந்த நிலம் வேண்டும்!

நிலம் இல்லாதவர்களுக்குச் சென்னையில் கிடைப்பது பெரும்பாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைக்கு ஒழுகாத கூரை கிடைக்கிறது. ஆனால் ஐந்தாவது மாடியில் இருப்பவர் மகனுக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறையைக் கூட்ட முடியாது. கீழே ஒரு தையல் கடை வைக்க முடியாது. மச்சானும் சிநேகிதனும் கை கொடுக்கத் தயாராக இருந்தாலும், கை வைப்பதற்கு அங்கே இடமில்லை.

ஆள் பலமும் தொழில் தெரிந்த கைகளும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் குறைந்துவிடவில்லை. சீட்டும் மொய்யும் நின்றுவிடவில்லை. குறைந்திருப்பது ஒன்றே ஒன்று: சாமானியன் வாங்கக்கூடிய விலையில், வேலைக்குப் போய் வரக்கூடிய தூரத்தில், தண்ணீரும் சாக்கடையும் வில்லங்கமில்லாப் பத்திரமும் உள்ள ஒரு சிறு மனை. 1977ல் அதைக் கொடுக்க முடிந்தது. 430 சதுர அடி கொடுத்த இடத்தில் மூன்று மாடி எழுப்பிக் காட்டினார்கள் நம் மக்கள்.

அத்தகைய மனைகளை மறுபடியும் போட்டுக் கொடுத்தால், சுவரைப் பற்றிச் சர்க்கார் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மச்சான் இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், ஷிப்டு முடிந்து வரும் சிநேகிதர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வாரந்தோறும் வருகிறது.